கேனிஸ்டர் ஃபில்டரைக் கழுவிய பிறகு குமிழி நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மீன் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் டப்பா வடிவ ஃபில்டர்தான் கேனிஸ்டர். கழுவுவதற்கு முன் இருக்கிற இடமே தெரியாமல் ஓடியது, கழுவி மாட்டியதும் கரகரவென்று சத்தம் போடும். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி விடும் துளைக் குழாயான ஸ்ப்ரே பாரிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கொட்டும். தொட்டித் தண்ணீர் வெளுத்துப்போகும். உடனே ஃபில்டரை மறுபடி திறந்துவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே புதிதாகக் காற்று போகும். அதன்பின் வருகிற குமிழி உள்ளே மாட்டிய காற்றா, எங்கேயாவது ஓட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குமிழி எப்போது வருகிறது, எப்படி வருகிறது, கூடவே மோட்டாரில் சத்தம் இருக்கிறதா என்று கவனித்தாலே போதும். பெரும்பாலும் மூடியில் கை வைக்காமலே காரணம் தெரிந்துவிடும்.

சன்சன், ஈஹெய்ம், ஃப்ளூவல் என்று எந்தக் கம்பெனி ஆனாலும், ஸ்டாண்டுக்குக் கீழே தரையில் வைத்து ஓட்டுகிற கேனிஸ்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பூட்டும் லீவரும்தான் மாறும்.

காற்று எங்கே நுழைய முடியும்?

கேனிஸ்டர் மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்து இறக்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் சைஃபனில் (வளைந்த குழாய் வழியே மேலிருந்து கீழே) தானாகவே இறங்குகிறது. மோட்டார் அதை மேலே தள்ளி ஓட்டத்தில் வைத்திருக்கிறது. 75 செ.மீ. ஸ்டாண்டில் 45 செ.மீ. உயரத் தொட்டி என்றால் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து சுமார் 115 செ.மீ. இருக்கும். ஃபில்டர் மூடி 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், மூடிக்கு மேலே 75 செ.மீ. தண்ணீர் நிற்கிறது. அந்த அழுத்தம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளும். ஆகவே மூடியின் ரப்பர் வளையம் (ஓரிங்) சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணீர் வெளியே சொட்டும். காற்று உள்ளே போகாது.

உள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கிற இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டி விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும் பைப். அங்கே ஒரு ஜாயின்ட் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, காற்றுதான் உள்ளே போகும். பொத்தல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கழுவுவதற்காகப் பைப்பைக் கழற்றி மாட்டியபோது அசைந்ததும் அதே ஜாயின்ட்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தண்ணீர் இறங்கும் பைப்பின் நுனியில் இருக்கும் சல்லடையான இன்டேக் ஸ்ட்ரெய்னரோ அதன்மேல் மாட்டிய ப்ரீ-ஃபில்டர் ஸ்பாஞ்சோ அடைத்துக்கொண்டால், மோட்டாரில் சுற்றும் சிறு விசிறியான இம்பெல்லர் தள்ளும் அளவுக்கு மேலிருந்து தண்ணீர் வராது. அப்போது கேனிஸ்டருக்குள்ளேயே அழுத்தம் குறையும். அந்த நிலையில் மூடி ஓரிங், வால்வு ஓரிங் வழியாகவும் காற்று நுழையலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் வாயுகூடப் பிரிந்து குமிழியாக வரும்.

ஃபில்டருக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். தாள் நனைந்தால் மூடியையும் வால்வையும் பாருங்கள். தாள் காய்ந்திருந்து குமிழி வந்தால் தொட்டி விளிம்பைப் பாருங்கள்.

அடுத்தது சத்தம். காற்று இம்பெல்லருக்கு முன்னால் நுழைந்தால் இம்பெல்லர் அதை அடித்து நொறுக்கும், கரகரப்பு கேட்கும். இம்பெல்லரைத் தாண்டிய பிறகு நுழைந்தால் மோட்டார் அமைதியாக ஓடும், குமிழி மட்டும் வரும். இதிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பொங்கிப் பொங்கி வருகிறது, நேரம் ஆக ஆகக் குறைகிறது

இது கோளாறே இல்லை. கழுவும்போது மீடியாவுக்குள் (கூடைகளில் அடுக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் போன்றவை) மாட்டிய காற்று வெளியேறுகிறது. முதல் அரை மணி நேரம் கொத்துக்கொத்தாக வரும், பிறகு சில நிமிடத்துக்கு ஒரு தடவை, மறுநாள் காலையில் எப்போதாவது ஒன்று. இரண்டு குமிழிக் கொத்துக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். புது செராமிக் ரிங் அல்லது சின்டர்டு கிளாஸ் மீடியா போட்டிருந்தால் 2, 3 நாள்கூட ஆகும். அந்த நுண்துளைகளில் இருக்கும் காற்று அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுக்காது.

அவசரம் என்றால், பிளக்கைப் பிடுங்கி 10, 15 விநாடி காத்திருங்கள். ஓட்டம் நின்றதும் மீடியாவுக்கு அடியில் தங்கிய காற்று மேலே, மோட்டார் இருக்கும் மூடிப் பகுதியான ஹெட்டுக்கு வந்து சேரும். மறுபடி போட்டால் அது ஒரே தள்ளாக வெளியே போகும். இப்படி ஐந்தாறு முறை செய்யலாம். ஓடும்போதே இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்து, நாலு பக்கமும் சுமார் 30 டிகிரி சாய்த்து நிமிர்த்தினால் கூடைகளின் மூலையில் நிற்கும் காற்றும் வந்துவிடும். ஹோஸைப் பிடித்துத் தூக்கிச் சாய்க்காதீர்கள். வால்வு ஜாயின்ட் அங்கேயே தளரும். பிரைமிங் பட்டன் (ஃபில்டருக்குள் தண்ணீரை இறக்கிவிடும் பட்டன்) உள்ள மாடல் என்றால், மோட்டார் நின்றிருக்கும்போது மட்டும் அதை அழுத்துங்கள்.

அடுத்த முறை இது வராமலிருக்க, கழுவிய மீடியாவைத் தொட்டித் தண்ணீர் இருக்கிற பக்கெட்டில் முக்கியபடியே கூடையில் அடுக்குங்கள். ஸ்பாஞ்சைத் தண்ணீருக்கடியில் வைத்துப் பிழிந்து அங்கேயே விரியவிட்டால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மேல் கூடையில் போடும் வெள்ளைப் பஞ்சை 2 செ.மீ. கனத்துக்கு மேல் வைக்க வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். அமுக்கிய பஞ்சுக்கு அடியில் காற்று ஒரு தட்டு போலத் தேங்கிவிடும், ஓட்டமும் குறையும். கேனிஸ்டரைக் கழுத்துவரை தொட்டித் தண்ணீரால் நிரப்பிய பிறகே ஹெட்டை மாட்டுங்கள். மெட்ரோ வாட்டரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அதில் மீடியாவை அலசினால், மீன் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா செத்து, குமிழியைவிடப் பெரிய பிரச்சினை ஒரு வாரத்தில் அம்மோனியாவாக வரும்.

மாட்டிய பிறகு வால்வுகளைத் திறக்கும் வரிசையும் முக்கியம். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி விடும் அவுட்லெட் பைப்பின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வையுங்கள். இன்டேக் வால்வை முதலில் திறங்கள், பிறகு அவுட்லெட் வால்வு. ஹோஸில் கடகடவென்று தண்ணீர் இறங்கும். உள்ளிருக்கும் காற்று அவுட்லெட் வழியாக மேலே ஏறும். சத்தம் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அடங்கிய பிறகு பிளக்.

கரகரப்பும் பொடிக் குமிழியும் சேர்ந்து, குறையாமல் வருகிறது

ஒரு நாள் தாண்டியும் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் இன்டேக் பக்கத்தில் ஓட்டையோ அடைப்போ இருக்கிறது. சுலபமானதிலிருந்து தொடங்கி, கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். மூடி கடைசிதான்.

இன்டேக் லீவர் கடைசிவரை போயிருக்கிறதா? பலமுறை காரணம் இவ்வளவுதான். ஹோஸ்கள் சேரும் வால்வு பிளாக்கை மாட்டியபின் லீவரை முக்கால்வாசி தள்ளிவிட்டு, உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பாதி திறந்த இன்டேக் வால்வு, அடைத்த ஸ்ட்ரெய்னர் செய்வதையே செய்யும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே இன்டேக்கைத் திருகி வைப்பதும் உண்டு. ஓட்டத்தை எப்போதும் அவுட்லெட் பக்கம்தான் குறைக்க வேண்டும். இன்டேக்கைக் குறைத்தால் மோட்டார் தண்ணீருக்காக ஏங்கி, காற்றை எங்கிருந்தாவது இழுக்கும்.

அடுத்து ஸ்ட்ரெய்னர். உள்ளே மீடியாவை எல்லாம் பளபளவென்று கழுவிவிட்டு, தொட்டிக்குள் இருக்கும் ப்ரீ-ஃபில்டர் ஸ்பாஞ்சை மறந்துவிடுவது சகஜம். அதைக் கழற்றிவிட்டு ஒரு 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள் (சின்ன மீன், இறால் இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்). குமிழி நின்றால் ஸ்பாஞ்ச்தான். வாரம் ஒருமுறை அலசுங்கள். அல்லது துளை பெரிதாக இருக்கும் ஸ்பாஞ்சாக மாற்றுங்கள்.

இரண்டும் சரி என்றால், ஓட்டைதானா என்று உறுதி செய்ய ஒரு சோதனை. அவுட்லெட் வால்வைப் பாதியாக மூடுங்கள். ஓட்டம் குறைவதால் இன்டேக் பக்கத்து இழுப்பும் குறையும். கரகரப்பும் குமிழியும் சட்டென்று தணிந்தால் இன்டேக் பக்கம் ஓட்டை உறுதி. வால்வை மறுபடி திறந்ததும் குமிழி கூட வேண்டும்.

இனி விளிம்பு ஜாயின்ட்கள். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை எடுத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் மெதுவாக விடுங்கள். ஓட்டை இருக்கும் ஜாயின்ட்டில் காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீர் உள்ளே போகும்; இரண்டு மூன்று விநாடிக்குக் குமிழி நிற்கும், சத்தமும் மாறும். சிரிஞ்சை எடுத்ததும் பழையபடி ஆரம்பிக்கும். சோப்பு நுரை தடவிப் பார்க்கும் பழக்கம் காஸ் சிலிண்டருக்குச் சரி, மீன் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். ஓட்டை வழியாக அந்தச் சோப்பு நேராகத் தண்ணீருக்குள் போகும்.

இன்டேக் பைப் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளாக வரும். ஸ்ட்ரெய்னர் பைப், வளைவு, அதிலிருந்து ஹோஸுக்குப் போகும் இணைப்பு. வளைவும் நேர்ப் பைப்பும் சேரும் இடத்தில் ரப்பர் சாக்கெட் இருந்தால், அதைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உள்பக்கம் பாசி வழவழப்பு இருந்தால் பிடி நழுவும். மயிரிழை அளவுக்கு வெடிப்பு இருந்தாலே காற்று போகப் போதும். பைப்பைத் தாழ்த்தி அந்த ஜாயின்ட்டையே தண்ணீருக்கு அடியில் இறக்க முடிந்தால், இறக்கிவிடுங்கள். ஓட்டை இருந்தாலும் அதன் வழியே தண்ணீர்தான் போகும். இது தற்காலிகம் என்று சொல்வார்கள், ஆனால் நிரந்தரமாகவே இப்படி விட்டாலும் தப்பில்லை.

ஹோஸ் நுனி அடுத்த சந்தேகம். 12/16, 16/22 மி.மீ. என்று சொல்லும் அந்தப் பிளாஸ்டிக் ஹோஸ் ஸ்டாண்டுக்குள் ஒன்றிரண்டு கோடை இருந்தால் இறுகிவிடும். புதிதில் இணைப்பைக் கவ்விப் பிடித்த நுனி, கழற்றிய பிறகு சுருங்காமல் அகன்றே நிற்கும். உள்பக்கம் வளையத் தழும்பு தெரியும். அதே இடத்தில் திரும்ப மாட்டினால் பிடிக்காது. நுனியில் 2 செ.மீ. நேராக வெட்டி எறியுங்கள். புது நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி, சூட்டோடு இணைப்பின் அடிவரை ஏற்றி நட்டை இறுக்குங்கள். அதற்கும் அசைந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் போடலாம். கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு கீறும். வெட்டும்போது ஹோஸ் நீளம் குறைவதையும் கணக்கில் வையுங்கள். இழுபட்டு நிற்கும் ஹோஸ் மறுபடி கழன்றுவரும்.

பிறகு வால்வு பிளாக். இன்டேக், அவுட்லெட் இரண்டும் ஒரே துண்டாகக் கழன்று வருகிற மாடல்களில், அந்த இரண்டு குழாய் மூக்கிலும் சின்ன ஓரிங் இருக்கும். காய்ந்த ஓரிங்கை அப்படியே அழுத்தி உள்ளே தள்ளினால் அது உட்கார்ந்திருக்கும் பள்ளமான காடியிலிருந்து உருண்டு முறுக்கிக்கொள்ளும். கழற்றி, துடைத்து, மெல்லிய படலமாக சிலிக்கான் கிரீஸ் தடவி, நேராக அழுத்துங்கள். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்பவர்கள் ஹவுசிங் ஓரிங்குக்குப் போடும் உணவுத் தர சிலிக்கான் கிரீஸே போதும். தேங்காய் எண்ணெயும் வாஸலினும் அவசரத்துக்குக் கைகொடுப்பது போலத் தெரியும். சில ரகம் ரப்பர் அவற்றில் ஊறி உப்பி, அடுத்த முறை காடியில் உட்காராது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மூடி ஓரிங். திறந்து, ஓரிங்கைக் கழற்றி, காடியை விரல் நுனியால் ஒரு சுற்று தடவுங்கள். நெருடினால் மணல். மணல் இல்லை என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மேல் கூடையின் வெள்ளைப் பஞ்சிலிருந்து பிரிந்த ஒற்றை இழை ஓரிங்குக்குக் குறுக்கே கிடப்பது கண்ணுக்கு நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் மினுங்கும். அந்த ஒரு இழையின் இரு பக்கத்திலும் இருக்கும் இடைவெளி காற்றுக்கும் தண்ணீருக்கும் போதும். ஓரிங்கில் தட்டையாகப் பதிந்த கோடு விழுந்திருந்தால் புதிது வாங்குங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் கடையில் சரியான அளவு கிடைக்கும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பரவலாக விற்கும் மாடல்களுக்கு ஓரிங்கும் இம்பெல்லரும் தனியாகவே கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் பாரிமுனைப் பக்கம் ரப்பர் சாமான் விற்கும் கடைகளில் விட்டத்தையும் கனத்தையும் பார்த்து எடுக்கலாம்.

மோட்டார் அமைதி, ஆனால் குமிழி மட்டும் நிற்கவில்லை

காற்று இம்பெல்லரைத் தாண்டிய பிறகு வருகிறது. அவுட்லெட் பக்கத்தில் அழுத்தம் வெளிநோக்கித்தானே இருக்கும், அங்கே எப்படிக் காற்று உள்ளே போகும் என்று கேட்கலாம். அவுட்லெட் பைப் நுனி தண்ணீருக்குள் முங்கியிருந்தால், விளிம்புக்கு மேலே இருக்கும் வளைவில் சைஃபன் இழுப்பு அந்தப் பக்கமும் உண்டு. நுனி அகலமாகத் திறந்திருக்கும் லில்லி பைப் போன்றவற்றில், வளைவில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய்விடும். சிறு துளை ஸ்ப்ரே பார் என்றால் துளைகள் எதிர்த்துத் தள்ளுவதால் பெரும்பாலும் தண்ணீர்தான் கசியும். சோதனை அதே சிரிஞ்ச்தான், அவுட்லெட் வளைவு ஜாயின்ட்டில் செய்து பாருங்கள்.

அதற்கும் முன்னால், தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கழுவும்போது தொட்டியிலிருந்து 10, 15 லிட்டர் எடுத்திருப்பீர்கள். திரும்ப ஊற்றியிருக்க மாட்டீர்கள். ஸ்ப்ரே பாரின் மேல் துளைகள் மட்டத்துக்கு வெளியே வந்து, விழும் தண்ணீரே காற்றை அடித்துக்கொண்டு உள்ளே போகும். மேலே ஃபேன் ஓடும் திறந்த தொட்டியில் சித்திரை வெயிலுக்கு ஒரு வாரத்தில் 3, 4 செ.மீ. ஆவியாகிப்போவது சாதாரணம். ஸ்ப்ரே பாரை மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இறக்கி, துளைகளைச் சற்று மேல்நோக்கித் திருப்பினால் மேற்பரப்பு அசைவும் இருக்கும், குமிழியும் இருக்காது. சென்னை வெப்பத்தில் அந்த அசைவை மொத்தமாக நிறுத்திவிட வேண்டாம். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. கரையும் ஆக்ஸிஜன், 30 டிகிரியில் 7.5 அளவுக்குத்தான் கரையும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏப்பம் விடுகிறது

ஓட்டம் நன்றாக இருக்கும். திடீரென்று ஒரு கரகரப்பு, ஒரு கொத்துக் குமிழி, மறுபடி அமைதி. எங்கேயோ காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு அளவு தாண்டியதும் இம்பெல்லருக்குள் போகிறது.

மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஏர் ஸ்டோன். ஸ்ட்ரெய்னருக்கு 20 செ.மீ.க்குள் இருந்தால் அதன் குமிழியே உள்ளே இழுபடும், தள்ளி வையுங்கள். ஏர் பம்பை 15 நிமிடம் நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டு, தண்ணீரின் மேற்பரப்புப் படலத்தை இழுக்கும் சர்ஃபேஸ் ஸ்கிம்மர். மட்டம் ஒரு செ.மீ. குறைந்தாலும் அது காற்றைக் குடிக்கும். மூன்று, ஹோஸின் வளைவு. கழுவிய பிறகு நீளமான ஹோஸை ஸ்டாண்டுக்குள் சுருட்டித் திணித்தால், இறங்கி மறுபடி ஏறி இறங்கும் ஒரு மேடு உருவாகும். அந்த மேட்டின் உச்சியில் காற்று தங்கும். ஹோஸ் தொட்டி விளிம்பிலிருந்து ஃபில்டர்வரை ஒரே சீராக இறங்க வேண்டும். மிச்ச நீளத்தை வெட்டிவிடுங்கள்.

செடித் தொட்டியில் கார்பன் டை ஆக்ஸைடை இன்டேக்குக்குள் விடுபவர்களுக்கு ஏப்பம் வரத்தான் செய்யும். விநாடிக்கு எத்தனை குமிழி என்பதைக் குறைத்துப் பாருங்கள், அல்லது அவுட்லெட் ஹோஸின் நடுவில் மாட்டி வாயுவைப் பொடியாக்கிக் கலக்கும் இன்லைன் டிஃப்யூசருக்கு மாறுங்கள்.

உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

ஹெட்டுக்குள் முழுக்கக் காற்று. வீட்டு போர் மோட்டாரில் ஏர் லாக் ஆவது போலத்தான். இந்த வகை இம்பெல்லரால் காற்றை இழுத்து வெளியே தள்ள முடியாது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ஷாஃப்ட் தேயும், சூடேறும். அவுட்லெட் நுனியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, இரண்டு வால்வும் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கடகடப்பு அடங்கும்வரை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள்.

காற்று போயும் உறுமல் மட்டும் இருந்தால் இம்பெல்லரைப் பாருங்கள். கழுவும்போது செராமிக் ஷாஃப்ட்டை நேராக வைக்காமல் மூடியிருக்கலாம்; அதன் இரு முனையிலும் இருக்கும் சின்ன ரப்பர் புஷ் ஒன்று பக்கெட்டோடு சாக்கடைக்குப் போயிருக்கலாம். போர் தண்ணீர் ஓட்டும் வீடுகளில் காந்தத்தைச் சுற்றியும் குழியிலும் வெள்ளையாக உப்பு படியும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். ஷாஃப்ட் எளிதில் உடையும். கையால் வளைத்துப் பார்க்காதீர்கள்.

கரண்ட் போய் வந்தால் மட்டும் குமிழி

ஓடும்போது தெரியாத அளவு சிறிய ஓட்டை, நின்றிருக்கும்போது வேலையைக் காட்டும். மோட்டார் நின்றதும் விளிம்பு வளைவில் காற்று மெதுவாகச் சேரும். கரண்ட் வந்ததும் அந்தக் காற்று மொத்தமாக ஹெட்டுக்குள் இறங்கும். நீங்களே சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, வால்வுகளைத் திறந்தே வைத்து, வளைவில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் காற்று அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த ஜாயின்ட்தான். அதுவரை ஏர் பம்ப் ஓடட்டும்.

காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வரும் பராமரிப்பு மின்தடையில் வேறொரு சங்கதியும் உண்டு. மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். அவ்வளவு நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே ஓடவிட்டால் உள்ளே கெட்ட தண்ணீர் தொட்டிக்கு வரும். திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசி, நிரப்பிப் போடுங்கள். நடுத்தர கேனிஸ்டர் 15 முதல் 40 வாட் வரைதான் எடுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கண்ணாடியிலும் செடியிலும் குமிழி ஒட்டியிருக்கிறது

ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். கழுவிய அன்றே தண்ணீரும் மாற்றியிருப்பீர்கள். போர் மோட்டாரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் அழுத்தத்தில் கரைந்த வாயு இருக்கும். தொட்டிக்கு வந்ததும் பிரிந்து எல்லாப் பரப்பிலும் ஒட்டும். சில மணி நேரத்தில் போய்விடும். ஒரு டிரம்மில் இரவு முழுக்க ஏர் ஸ்டோன் போட்டு வைத்து ஊற்றினால் அதுவும் வராது. குமிழி உடையாமல் மேற்பரப்பில் நுரையாக மிதந்தால் கதை வேறு. செத்த மீனோ நத்தையோ மறைவில் கிடக்கிறதா, பக்கெட்டில் துணி சோப்பு மிச்சம் இருந்ததா என்று பாருங்கள். நுரையை டிஷ்யூ பேப்பரால் எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால்

தொட்டிப் பக்கத்துப் பைப்புகளை ஒதுக்கிவிட்டு ஃபில்டரை மட்டும் தனியாகச் சோதியுங்கள். 20 லிட்டர் பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் நிரப்பி, ஒரு உறுதியான ஸ்டூல் மேல் வையுங்கள். ஃபில்டர் கீழே தரையில். இன்டேக், அவுட்லெட் ஹோஸ் இரண்டையும் விளிம்புப் பைப்பிலிருந்து கழற்றி, ஹோஸ் நுனிகளை நேராகப் பக்கெட்டுக்குள் ஆழமாக முக்கிக் கட்டுங்கள். அவுட்லெட்டிலிருந்து வரும் தண்ணீர் இன்டேக்கை நோக்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பக்கெட் விளிம்பில் ஜாயின்ட்டே கிடையாது, ஒரே ஹோஸ்தான். பிரைம் செய்து, மாட்டிய காற்று எல்லாம் போகும்வரை அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

குமிழி நின்றால், கோளாறு தொட்டிப் பக்கத்து வளைவு, ஸ்ட்ரெய்னர், ஸ்கிம்மர் இவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எதை மாட்டியபோது குமிழி ஆரம்பிக்கிறதோ அதை மாற்றுங்கள். அந்த பைப் செட் தனியாகக் கிடைக்கும்.

பக்கெட்டிலும் குமிழி வந்தால் வால்வு பிளாக் அல்லது ஹெட். ஹெட்டைக் கழற்றி, இன்டேக் குழாய் மூக்கு உடம்போடு சேரும் மூலையில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய கோடு விரிந்து மூடினால் அது கீறல். மாட்டும்போது ஹோஸைப் பிடித்து இழுத்த ஃபில்டர்களில்தான் இது அதிகம். அந்த இடத்தில் எம்-சீலோ சூப்பர் க்ளூவோ வைத்து ஒட்டி ஓட்டாதீர்கள். மோட்டாரின் அதிர்வில் விட்டுவிடும். அன்றைக்கு வெறும் காற்று நுழைவதோடு நிற்காமல், மூடிக்கு மேலே நிற்கும் மொத்தத் தண்ணீரும் அந்த வழியாக ஹாலுக்கு வரும். ஹெட் மட்டும் ஸ்பேராகக் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காத மாடல் என்றால் மீடியாவை ஈரத்தோடு எடுத்துப் புது ஃபில்டருக்கு மாற்றுங்கள், பாக்டீரியா கூடவே வந்துவிடும்.